கடிதமும் சாட்சியும்: தலைமைப் பேராயர் லாடின் கடிதங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

புதிய ஏற்பாட்டு நிருபங்களைக் கற்கத் தொடங்கும் இறையியல் மாணவர், முதலாண்டிலேயே சில கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்கிறார். இந்நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? எந்தச் சூழலில் எழுதப்பட்டது? இதற்கு முன்னர் அச்சபையார் அப்போஸ்தலருக்கு எழுதியது யாது? எழுதியதைப் பேணிக் காத்தவர் யார்? தொகுத்தவர் யார்? கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் ஒரே கடிதமா, பல கடிதங்கள் இணைந்த தொகுப்பா என்று விவாதிக்கவும் அவர் அஞ்சுவதில்லை. ஆயினும் அதே மாணவர் திருச்சபை வரலாற்று வகுப்பிற்குள் நுழைந்ததும் இக்கேள்விகளை வாசற்படியிலேயே விட்டுவிடுகிறார். "அவரே தம் கடிதத்தில் இவ்வாறு எழுதியிருக்கிறார்" என்னும் வாக்கியம் அங்கே வழக்கை முடித்துவைக்கும் தீர்ப்பாகிவிடுகிறது.

இத்தீர்ப்பை மறுபடியும் விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவன, முதலாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியில் கான்டர்பரித் தலைமைப் பேராயராக இருந்த வில்லியம் லாடின் கடிதங்கள். லாடைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அவருடைய சொந்தக் காகிதங்களே அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. முடிவில் அவர் தலை வெட்டப்பட்டது. எழுதிவைத்த தாள் எந்த அளவிற்குச் சான்றாகும் என்பது அவரைப் பொறுத்தமட்டில் வகுப்பறைக் கேள்வியன்று; உயிர்க் கேள்வி. அவருடைய அதிகார காலத்தில் காது அறுக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கும் அது நீதியின் கேள்வியே. இரு திறத்தாருக்கும் நேர்மையாக நடந்துகொள்வது எப்படி என்பதை அவர் கடிதங்களை வைத்துச் சிந்திக்கலாம்.

லாட் 1573ஆம் ஆண்டு ரெடிங் நகரில் துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் தூய யோவான் கல்லூரியில் பயின்று, 1611இல் அதன் தலைவரானார். 1621இல் தூய டேவிட் பேராயத்திற்கும், 1626இல் பாத் மற்றும் வெல்ஸ் பேராயத்திற்கும், 1628இல் இலண்டனுக்கும் பேராயராகி, 1633இல் கான்டர்பரி இருக்கையை அடைந்தார். ஆலயத்தின் கிழக்கு முனையில் திருவிருந்து மேசையைப் பீடமாக நிறுவிக் கம்பியழி இடுதல், வழிபாட்டில் ஒரே ஒழுங்கு, திருச்சபை இழந்த நிலங்களை மீட்டல், குருமாரிடத்தில் கட்டுப்பாடு ஆகியவற்றை அவர் தம் கடமையாகக் கொண்டார். தூய்மையர் எனப்பட்ட பியூரிட்டானியரோ, அவர் ரோமாபுரிக்கு வழி திறக்கிறார் என்று நம்பினர்.

1. காகிதங்கள் நம் கைக்கு வந்த வழி

1640 டிசம்பர் 18ஆம் நாள் பாராளுமன்றம் லாடின்மேல் இராஜத்துரோகக் குற்றம் சாட்டியது. 1641 மார்ச்சு முதல் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். 1643 மே 31ஆம் நாள் அதிகாலையில் ஆயுதம் தாங்கிய வீரர்களோடு ஒருவர் அவருடைய அறைக்குள் நுழைந்தார். அவர் பெயர் வில்லியம் பிரின். லாட் அங்கத்தினராக இருந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தின் தீர்ப்பினால் இருமுறை காது வெட்டப்பட்டு, கன்னத்தில் சூடு போடப்பட்ட வழக்கறிஞர். தம் எதிர்வாதத்திற்கென லாட் ஆயத்தம் செய்திருந்த 21 காகிதக் கட்டுகளையும், நாட்குறிப்பையும், தனிச் செப நூலையும் பிரின் எடுத்துச் சென்றார். சில நாட்களில் திருப்பித் தருவதாகச் சொன்னவர், மூன்று கட்டுகளையே திருப்பித் தந்தார். இவ்விவரம் லாட் சிறையில் இருந்து எழுதிய வரலாற்றில் உள்ளது. அதுவும் ஒரு கட்சிக்காரரின் சாட்சியமே என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் பிரின் பின்னர் அச்சிட்ட நூல்களே, அக்காகிதங்கள் அவர் கையில் இருந்தன என்பதை உறுதி செய்கின்றன.

பிரின் நாட்குறிப்பைத் தமக்கு வேண்டியவாறு சுருக்கியும் வெட்டியும் 1644இல் அச்சிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள், லாட் பிரபுக்கள் சபையில் தம் இறுதி எதிர்வாதத்தைக் கூற எழுந்தபோது, பிரபுக்கள் ஒவ்வொருவர் கையிலும் நீல அட்டையிட்ட புதிய மெல்லிய நூலொன்று இருக்கக் கண்டார். அவர் தமக்கென்று மட்டும் எழுதிவைத்தவை, அவருக்குத் தீர்ப்பு வழங்க வேண்டியவர்களின் கையில், அவருடைய பகைவரின் பதிப்பாக இருந்தன.

இதனால் விளைந்ததற்கு ஒரு சான்று போதும். 1633இல் தமக்குக் கர்தினால் பதவி தர ஒருவர் முன்வந்ததை லாட் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ரோமாபுரி இப்போதுள்ள நிலையில் மாறினாலன்றித் தம் உள்ளம் அதற்கு இடந்தராது என்று தாம் விடை கூறியதையும் அவ்விடத்திலேயே எழுதியிருக்கிறார். குற்றம் சாட்டியவர்களுக்கோ அழைப்பு வந்தது என்பதே பெரிதாய்த் தோன்றியது; மறுப்பு அவர்களுக்குப் போதுமான மறுப்பாகத் தோன்றவில்லை. ஒரே குறிப்பு ஒருவருக்கு விசுவாசத்தின் அடையாளமாகவும், மற்றவருக்குத் துரோகத்தின் அடையாளமாகவும் அமைந்தது. சட்டப்படி இராஜத்துரோகத்தை மெய்ப்பிக்க இயலாதபோது, பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றினால் அவரைத் தண்டித்தது. 1645 ஜனவரி 10ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார்.

பகைவருக்குப்பின் நண்பர்கள் வந்தனர். பீட்டர் ஹெய்லின் எழுதிய வாழ்க்கை வரலாறு 1668இல் வெளிவந்தது. ஹென்றி வார்ட்டன் 1695இல் நாட்குறிப்பையும், லாட் தம் துன்பங்களைப் பற்றி எழுதிய வரலாற்றையும் வெளியிட்டார். 1847 முதல் 1860 வரை ஆக்ஸ்போர்டில் ஏழு தொகுதிகளாக அவருடைய நூல்களும் கடிதங்களும் வந்தன. வில்லியம் ஸ்காட் தொடங்கி, ஜேம்ஸ் பிளிஸ் முடித்த அப்பதிப்பு, ஆக்ஸ்போர்டு இயக்கத்தைச் சார்ந்தோர் நிறுவிய ஆங்கிலக் கத்தோலிக்க இறையியல் நூல்வரிசையில் இடம்பெற்றது. அதே ஆண்டுகளில் சுவிசேஷப் பற்றுடைய மறுதரப்பார், பார்க்கர் சங்கத்தின் பெயரால், பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளின் நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தனர். இரு தரப்பாரும் தத்தம் பிதாக்களைத் தத்தம் அலமாரியில் அடுக்கினர். இரு தரப்பாரின் உழைப்பிற்கும் நாம் கடன்பட்டுள்ளோம். ஆனால் அந்த அலமாரிகள் எவ்வழக்கிற்காகச் செய்யப்பட்டவை என்பதை அறிந்தே அவற்றிலிருந்து நூலை எடுக்க வேண்டும்.

2. எழுதியவர் ஒருவர், முகங்கள் பல

லாடின் கடிதங்களுள் மிகுந்த ஒளி தருவன, அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக இருந்த தாமஸ் வென்ட்வர்த்துக்கு எழுதப்பட்டவை. 1633இல் வென்ட்வர்த் டப்ளின் சென்ற நாள்முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள் இருவரும் இடையறாது எழுதிக்கொண்டனர். முக்கியமான பெயர்களுக்கும் செய்திகளுக்கும் எண்களால் ஆன மறைமொழியைக் கையாண்டனர். ஒருவர் ஆக்ஸ்போர்டின் தூய யோவான் கல்லூரியைச் சார்ந்தவர்; மற்றவர் கேம்பிரிட்ஜில் அதே பெயருடைய கல்லூரியைச் சார்ந்தவர். இதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது அவர்களுக்கு வழக்கம். உலகம் கண்டிப்பானவர், சிடுசிடுப்பானவர் என்று அறிந்த பேராயர், இங்கே நகைச்சுவையோடும், சில வேளைகளில் மனச்சோர்வோடும் பேசுகிறார்.

ஆகவே இக்கடிதங்களில்தான் உண்மையான லாட் இருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். பலரும் அவ்வாறே சொல்லியிருக்கின்றனர். இம்முடிவில் அவசரம் உண்டு. வென்ட்வர்த்தின் கடிதங்களுள் சில, லாட் அரசரிடம் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டன. வேறு சில, அவர் மட்டும் படிப்பதற்கென எழுதப்பட்டன. நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் மூன்றாம் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று வாசிப்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மேலும், தனிமையில் ஒருவர் கொள்ளும் முகமும் ஒரு முகமே. கேலியில் வெளிப்படுவது மெய், பணிவில் வெளிப்படுவது பொய் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதற்கு நமக்கு ஆதாரம் இல்லை.

டப்ளின் நகரத் தூய பேட்ரிக் பேராலயத்தின் கல்லறைச் சச்சரவு இதை நன்கு விளக்கும். அயர்லாந்தின் பெருஞ்செல்வரான கார்க் கோமகன் ரிச்சர்டு பாயில், 1630இல் மறைந்த தம் மனைவிக்கு, அப்பேராலயத்தின் கிழக்குப் பகுதியில், திருப்பீடம் நிற்க வேண்டிய இடத்தில், வானளாவிய கல்லறை மாடம் ஒன்றை எழுப்பினார். வென்ட்வர்த் அதை அகற்ற விரும்பினார். கார்க் கோமகனோ அயர்லாந்தின் தலைமைப் பேராயர்களான அஷர், பல்க்லி ஆகிய இருவரிடமிருந்தும் தமக்குச் சாதகமான கடிதங்களைப் பெற்று லாடுக்கு அனுப்பச் செய்தார். லாட் கோமகனுக்கு மரியாதை குன்றாத நடையில் எழுதினார். தமக்கு அவர்மேல் பகை இல்லை என்று காட்டிக்கொண்டார். அதே காலத்தில் வென்ட்வர்த்தோடு பரிமாறிய கடிதங்களில் அக்கோமகன் நகைப்பிற்கு உரியவராகிறார். 1635இல் மாடம் பிரிக்கப்பட்டபோது, அது விருந்துப் பலகாரம்போலப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கிடக்கிறது என்று வென்ட்வர்த் வேடிக்கையாக எழுதினார்.

கோமகனுக்கு எழுதிய கடிதத்தை மட்டும் படிப்பவர் லாடைச் சாந்தமான மேய்ப்பர் என்பார். வென்ட்வர்த்துக்கு எழுதியவற்றை மட்டும் படிப்பவர் அவரை வஞ்சகர் என்பார். இரண்டையும் அருகருகே வைத்து, 1880களில் அச்சேறிய கார்க் கோமகனின் நாட்குறிப்பையும் உடன் வைத்துப் படிப்பவர் வேறொன்றைக் காண்பார். திருப்பீடத்தின் மாண்பு பற்றிய கொள்கை லாடுக்கு மெய்யாகவே இருந்தது. கோமகன் தம் வசம் வைத்திருந்த திருச்சபை நிலங்களை மீட்கும் நோக்கமும் இருந்தது. அதிகாரம் மிக்க ஒருவரைத் தாழ்த்துவதில் வென்ட்வர்த்துக்கு இன்பமும் இருந்தது. இம்மூன்றும் ஒரே கல்லறையைச் சுற்றிக் கலந்து நின்றன. எந்த ஒரு கடிதமும் தனித்து நின்று இதைச் சொல்லாது.

இவ்வாறு கூறுவதனால், கடிதத்தில் காணப்படும் எதையும் "சூழல்" என்று சொல்லி மன்னித்துவிடலாம் என்பதன்று. 1637 ஜூன் மாதத்தில் பிரின், பர்ட்டன், பாஸ்ட்விக் ஆகிய மூவரும் பேராயர்களுக்கு எதிராக எழுதியமைக்காகக் காது அறுப்பும், தலைக்கு 5,000 பவுன் அபராதமும், ஆயுட்சிறையும் தண்டனையாகப் பெற்றனர். ஸ்டார் சேம்பரில் நீண்ட உரை ஆற்றிய லாட், இது தம்மையே பற்றிய வழக்காதலால் தாம் தண்டனை கூறுவதிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். அவ்வுரை அச்சிலும் வந்தது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வென்ட்வர்த்துக்கு எழுதியபோது, தண்டனை மேடையில் நின்றவர்கள் விருப்பம்போல் பேசவும், மக்களின் ஆரவாரத்தைப் பெறவும், பேசியதைப் பிறர் எழுதிக்கொள்ளவும் இடம் கொடுக்கப்பட்டதைப் பற்றி வருந்தினார். அறுபட்ட காதுகளைப்பற்றி அவர் வருந்தவில்லை.

இங்கே கடிதம் தன் பணியைச் செய்கிறது. பொதுமேடையில் ஒதுங்கி நின்றவர், அத்தண்டனையின் கடுமையை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதை அது காட்டுகிறது. அக்காலத்து நீதிமன்றங்கள் யாவும் கொடியனவே என்பது உண்மை. எனினும் கூட்டத்தினர் அழுது ஆரவாரித்தனர் என்பதும் அக்காலத்து உண்மையே. அவர்களுக்கு இரங்கத் தெரிந்தது. சூழலை அறிந்து வாசிப்பது குற்றத்தை அழிப்பதற்கன்று. குற்றம் எங்கே உள்ளதோ அங்கே மட்டும் விரலை வைப்பதற்கே.

3. ஒரு சொல்லின் கதை

இக்கடிதங்களில் இருவரும் அடிக்கடி வழங்கும் சொல் ‘தரோ’ என்பது. இடையில் நில்லாமல், விட்டுக்கொடாமல், கடைசிவரை செல்லுதல் என்பது அதன் பொருள். இதற்கு எதிராக நிற்பவளை அவர்கள் ‘மோரா சீமாட்டி’ என்று கேலியாக அழைத்தனர். ‘மோரா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தாமதம் என்பது பொருள். அரசுக் கருவூலத்தில் காலம் கடத்துவோரும், பதவியைத் தம் பைக்குப் பயன்படுத்துவோரும் அச்சீமாட்டியின் பணியாளர் எனப்பட்டனர்.

1848இல் மெக்காலே தம் இங்கிலாந்து வரலாற்றை வெளியிட்டபோது, இச்சொல்லை ஒரு முழுத் திட்டத்தின் பெயராக்கினார். பாராளுமன்றத்தை ஒழித்து, இங்கிலாந்தில் தனியாட்சியை நிலைநாட்டுவதற்கு வென்ட்வர்த் வகுத்த சூழ்ச்சிக்கு அவரே இட்ட பெயர் அது என்றார். அன்றுமுதல் பாடநூல்களில் ‘தரோ’ ஒரு கொள்கையாகவே நின்றுவிட்டது. கடிதங்களில் அச்சொல் வரும் இடங்களைத் தேடிப் படிப்பவர், பெரும்பாலும் அது ஊழலையும் சோம்பலையும் எதிர்க்கும் ஊக்கச் சொல்லாகவே வருவதைக் காண்பார். அதே சமயம், தம் வழியில் நிற்கும் பொதுச் சட்டத்தின் நடைமுறைகளைக் குறித்து இருவரும் பொறுமை இழப்பதையும் அவர் காண்பார். 1633 செப்டம்பரில் லாட், திருச்சபை அந்நடைமுறைகளால் கட்டுண்டு கிடப்பதனால் தாம் செய்ய விரும்பும் நன்மையைச் செய்ய இயலவில்லை என்று முறையிட்டார். மெக்காலே கண்டது முழுப் பொய்யன்று. ஒரு மனநிலையை அவர் ஒரு திட்டமாக்கினார். கடிதம் மனநிலைக்குச் சான்று தரும். திட்டத்திற்குச் சான்று வேண்டுமாயின் ஆணைகளிலும் கணக்குகளிலும் தேட வேண்டும்.

மெக்காலேக்கு இச்சொல் எங்கிருந்து கிடைத்தது என்பதும் நோக்கற்பாலது. வென்ட்வர்த் 1641 மே 12ஆம் நாள் கொல்லப்பட்டார். கொலைக்களத்திற்குச் செல்லும் வழியில் சிறைச் சன்னலருகே நின்று லாட் அவரை ஆசீர்வதித்து, மயங்கி விழுந்தார். வென்ட்வர்த்தின் காகிதங்கள் அவருடைய குடும்பத்தில் தங்கின. 1739இல் வில்லியம் நவ்லர் என்னும் குருவானவர் அவற்றிலிருந்து இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். முன்னோரின் நற்பெயரை நிலைநாட்டும் பொருட்டு, வழித்தோன்றலான மால்ட்டன் பிரபு தேர்ந்து கொடுத்தவை அவை. குடும்பம் பெருமைக்காக வெளியிட்டதையே மெக்காலே குற்றப்பத்திரமாகப் பயன்படுத்தினார்.

தேர்ந்து கொடுக்கும்போது விடப்பட்டவை எவை? அதை அறிய இரு நூற்றாண்டுகள் ஆயின. வரலாற்றாசிரியர் சி. வி. வெட்ஜ்வுட் அம்மையார் 1935இல் வென்ட்வர்த்தின் வாழ்க்கையை மிகுந்த அனுதாபத்தோடு எழுதியிருந்தார். பின்னர் குடும்பக் காகிதங்கள் ஷெபீல்டு நகர நூலகத்தை அடைந்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வென்ட்வர்த் அயர்லாந்தில் தமக்கெனச் செல்வம் சேர்த்த வகையை ஜே. பி. கூப்பர் 1958இல் வெளிப்படுத்தினார். அம்மையார் தம் நூலைத் திரும்ப எழுதி, மறுமதிப்பீடு என்னும் பெயரோடு 1961இல் வெளியிட்டார். தாம் போற்றியவரைப்பற்றித் தாமே எழுதியதைத் திருத்த முன்வந்த அச்செயல், வரலாற்று மாணவர் யாவரும் நினைவில் வைக்கத்தக்கது. ‘தரோ’ என்று எழுதிய கை, தாமதச் சீமாட்டியின் ஊழியர்களைப் பழித்த கை, தன் பையையும் மறக்கவில்லை. லாட் தம் நண்பரின் இப்பக்கத்தை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதை அச்சிட்ட கடிதங்களைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. நண்பர் ஒருவருக்கு எழுதாமல் விடுவதும் கடிதப் போக்குவரத்தின் ஒரு பகுதியே.

4. ஆணை அரசருடையதா, பேராயருடையதா?

லாடின் எழுத்துக்களுள் மற்றொரு வகை, 1633 முதல் 1639 வரை தம் பேராயங்களின் நிலையைப்பற்றி அவர் ஆண்டுதோறும் அரசருக்கு எழுதிய அறிக்கைகள். ஒவ்வொரு பேராயரும் தமக்கு எழுதியதைத் தொகுத்து லாட் அரசருக்குச் சமர்ப்பிப்பார். அரசர் அவற்றை வாசித்து, ஓரத்தில் தம் கையாலேயே குறிப்பு எழுதுவார். இதைச் சீர்ப்படுத்துக, இதைப்பற்றி எனக்குத் தனியே தெரிவி என்பன போன்ற குறிப்புகள் அவை.

இவ்வறிக்கைகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு பெரும் விவாதம் எழுந்தது. நிக்கோலஸ் டயக் 1987இல், கால்வினியத்தை எதிர்த்த ஒரு குழுவினர் திருச்சபையைக் கைப்பற்றியதே கலகத்திற்கு வழிகோலியது என்று வாதிட்டார். அக்குழுவின் நடுநாயகமாக லாட் நின்றார். 1992இல் கெவின் ஷார்ப், ஜூலியன் டேவிஸ் ஆகிய இருவரும் தனித்தனியே எழுதிய நூல்களில், திருச்சபைக் கொள்கையின் உந்துவிசை அரசரே என்றனர். லாட் பெரும்பாலும் அரசரின் விருப்பத்தை நிறைவேற்றியவர் என்பது அவர்கள் தந்த சித்திரம். விசாரணையில் லாடும் தாம் அரச ஆணைப்படி நடந்ததாகவே கூறியிருந்தார்.

ஓரக் குறிப்புகள் அரசரின் ஈடுபாட்டை ஐயமற நிறுவுகின்றன. எனினும் அறிக்கை என்பது எவ்வகை எழுத்து என்று கேட்க வேண்டும். எதை அரசரின் கண்முன் வைப்பது, எதை விடுவது, எந்தப் பேராயரின் குறையைச் சொல்வது, எதை "யாவும் நலம்" என்று கடந்துசெல்வது என்பனவற்றை எழுதுகிறவரே தீர்மானிக்கிறார். அரசர் ஓரத்தில் எழுதும் வரி, பின்னர் எழுதியவரின் கையில் அதிகாரப்பத்திரமாகத் திரும்பி வருகிறது. மனுவும் ஆணையும் அங்கே ஒரே தாளில் உள்ளன. ஆகவே "அரசர் ஆணையிட்டார்" என்பதும் உண்மை. "ஆணையிடும்படி லாட் எழுதினார்" என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம், சான்றிலிருந்து வந்ததன்று. நம் வழக்காடும் பழக்கத்திலிருந்து வந்தது. கென்னத் ஃபிஞ்சமும் டயக்கும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட திருப்பீட வரலாறு, தலைவர்களின் கடிதங்களோடு ஊர் ஆலயங்களின் கணக்கேடுகளையும் வைத்து ஆராய்ந்தது. கம்பியழிக்கு மரம் வாங்கிய செலவை எழுதிவைத்த ஆலயக் கண்காணிப்பாளருக்கு, எதிர்காலத்தை நோக்கி வாதாடும் எண்ணம் ஏதும் இல்லை. அவருடைய சாட்சியம் எளியது, அதனாலேயே உறுதியானது.

5. புதிய பதிப்பும் அதன் எல்லையும்

ஃபிஞ்சம் 2018இல், பழைய ஏழு தொகுதிகளில் இடம்பெறாத லாடின் கடிதங்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, இங்கிலாந்துத் திருச்சபை ஆவணச் சங்கத்தின் வரிசையில் பதிப்பித்தார். பல இடங்களில் சிதறிக் கிடந்தவற்றை ஒருங்கு சேர்த்த இவ்வுழைப்பு மெச்சத்தக்கது. எவர் தரப்பிற்காகவும் வாதாடாமல், கிடைத்ததைக் கிடைத்தவாறு தரும் நோக்கம் இப்பதிப்பை முந்தியவற்றினின்றும் வேறுபடுத்துகிறது.

ஆயினும் வாசகர் ஓர் எல்லையை உணர வேண்டும். லாட் எழுதியவை ஓரிடத்தில், வென்ட்வர்த்தின் மறுமொழிகள் நவ்லரின் தொகுதிகளிலும் ஷெபீல்டு கையெழுத்துப் பிரதிகளிலும் வேறோரிடத்தில். ஒருவர் பேசுவது கேட்கிறது. மற்றவர் பேசுவது கேட்கவில்லை. கடிதம் கொண்டுசெல்பவர் வாயால் சொல்லிய செய்தியோ ஒருபோதும் நமக்குக் கேட்கப்போவதில்லை. அன்றியும், கடிதங்கள் பதவியின் தேவைக்கேற்ப எழுந்தவை. அலெப்போ நகரில் குருவாக இருந்த எட்வர்டு போக்காக்குக்கு 1631இல் லாட் எழுதி, பழைய நாணயங்களையும் கீழைநாட்டுக் கையெழுத்துப் பிரதிகளையும் தேடித் தரும்படி கேட்டார். 1636இல் ஆக்ஸ்போர்டில் அரபு மொழிக்கு ஆசிரியர் பதவியை ஏற்படுத்தி, அப்போக்காக்கையே அமர்த்தினார். பிரினின் நீல அட்டை நூலில் காண இயலாத லாட் இவர். பிரினின் காதுகளைப்பற்றி வருந்தாதவரும் இவரே. ஒரு கடிதக் கட்டிலிருந்து ஒரு முழு மனிதரை வார்த்தெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே அதிகாரத்தில் இருந்த ஒருவரின் கடிதத்தைச் சான்றாக எடுப்பவர் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது யார் கண்ணுக்கென எழுதப்பட்டது. பெயரிடப்பட்டவரைத் தவிர வேறு யார் படிப்பர் என்று எழுதியவர் அறிந்திருந்தார்? இது எதற்கு மறுமொழி. இதற்கு மறுமொழி யாது? இதை அழியாமல் காத்தவர் யார், ஏன்? இதை அச்சிட்டவர் யார், எவ்வழக்கிற்காக? இக்கேள்விகள் கடிதத்தின் மதிப்பைக் குறைப்பன அல்ல. சாட்சி கூறுபவர் யார் என்று தெரிந்தபின்னரே அவருடைய சாட்சியம் நீதிமன்றத்தில் பயன்படும்.

நிறைவாக

லாட் 1634இல், இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த பிரெஞ்சு, டச்சு சீர்திருத்த சபையாரின் பிள்ளைகளுள் அந்நாட்டில் பிறந்தோர் ஊர்ப் பங்கு ஆலயங்களுக்கே செல்ல வேண்டும் என்று கட்டளையிட்டார். கான்டர்பரிப் பேராலயத்தின் நிலவறையிலேயே கூடி வழிபட்டுவந்த வாலூன் சபையாரும் இக்கட்டளைக்கு உள்ளாயினர். லாடின் இருக்கையில் பின்னர் அமர்ந்த வில்லியம் வேக், 1719 ஜனவரியில் தரங்கம்பாடிக்கு ஒரு கடிதம் எழுதினார். பேராயரிடம் குருப்பட்டம் பெறாத லுத்தரன் ஊழியர்களான சீகன்பால்கையும் கிரண்ட்லரையும் அதில் அவர் மனமாரப் பாராட்டினார். அது கடல் கடந்து வருமுன், பிப்ரவரியில், சீகன்பால்க் மரித்தார். ஒரே இருக்கையிலிருந்து எழுந்த இவ்விரு எழுத்துக்களுள் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத் திருச்சபையின் உள்ளத்தை அறிந்துவிட்டதாகச் சொல்பவர் தவறுவார். தரங்கம்பாடி ஊழியர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும், ஹாலே நகரில் தேர்ந்தும் திருத்தியும் அச்சிடப்பட்ட பின்னரே ஐரோப்பிய வாசகரை அடைந்தன என்பது நம் மாணவர்கள் அறிந்ததே. அந்த அறிவை எல்லாக் கடிதங்களுக்கும் விரிப்பதே இப்போது வேண்டுவது.

பிறனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்வதைத் தடுக்கும் கட்டளை உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. மரித்தோர் எழுந்து நம் மேற்கோளைத் திருத்த இயலாது. அதனால் அவர்களைக் குறித்து நமக்குள்ள பொறுப்பு பெரிது. லாடின் தாள்களைப் பிரின் வெட்டினார். அவ்வாறு வெட்டத் தூண்டிய வேதனையைப் பிரினுக்குத் தந்தவர்களுள் லாடும் ஒருவர். இருவருக்கும் வழக்கறிஞராக வாதாட வரலாற்று மாணவர் அழைக்கப்படவில்லை. இருவருடைய சொற்களையும் முழுமையாக, அவை சொல்லப்பட்ட இடத்திலேயே வைத்து, மறுமொழியோடு சேர்த்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லவே அவர் அழைக்கப்பட்டிருக்கிறார்.